பெயருக்கு இடம் கேட்டவர்

ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கோமதிநாயகத்துக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வேலை கற்றுக்கொடுத்த ஷமீலாவுக்கு அவருடைய மகள் வயது. ஆனாலும் அவர் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார். ஒப்புக்கு அல்ல, மனசாரத்தான்.

ரத்தம் எடுக்கும் குழாய்களுக்குப் பார்கோடு சீட்டு அச்சடித்துக் கொடுப்பது அவர் வேலை. பிறந்த குழந்தைகளுக்கான குழாய் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் தாயின் பெயரைப் போடுவார்கள். இடம் போதாமல் அதுவும் பாதியில் நின்றுவிடும். அந்த வாரம் வார்டில் ஒரு முத்துலட்சுமியும் ஒரு முத்துச்செல்வியும் இருந்தார்கள். சீட்டில் இருவரும் 'முத்து'தான்.

கோமதிநாயகத்துக்கு அது உறுத்தியது. பிள்ளை மாறிப் போனால்?

பார்கோடைக் குறுக்கே திருப்பிப் பார்த்தார். ஒட்டியதும் கடைசிக் கோடுகள் குழாயின் வளைவில் அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டன. மறுபடி குழாயின் நீளவாக்கிலேயே திருப்பி, கம்ப்யூட்டரில் அதன் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினார். முழுப் பெயரும் அழகாக உட்கார்ந்தது. திருப்தியோடு வார்டுக்கு அனுப்பினார். ஷமீலாவிடம் காட்டவில்லை.

மதியம் முத்துச்செல்வி குழந்தையின் ரத்தம் வந்தது. ஸ்கேனர் படிக்கவில்லை. துடைத்துக் காட்டினார், சாய்த்துக் காட்டினார். ம்ஹூம். ரத்தம் எடுத்த பிறகு சீட்டைப் பிய்த்து வேறு ஒட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். பழைய அளவுச் சீட்டோடு மறுபடியும் குத்தி எடுக்க வேண்டியதுதான்.

சொல்வதற்கு அவரே போனார். முத்துச்செல்வி தலையாட்டினாள். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் குதிகாலில் குத்தினாள். அவர் படியிறங்கி வரும் வரைக்கும் அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஒரு கோடுகூடக் குறையலையே டீச்சர். சின்னதாக்கினேன், அவ்வளவுதான். அது ஏன் படிக்க மாட்டேங்குது?"

ஷமீலா பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

அவர் பார்த்தார். ஒரே மாதிரி இருக்க வேண்டிய மெல்லிய கோடுகளில் ஒன்று தடித்திருந்தது, இன்னொன்று நூலாக இளைத்திருந்தது.

"எல்லாத்தையும் ஒரே அளவாத்தானே குறைச்சேன்?"

அவள் குழாய் மூடிகளை அள்ளி மேஜையில் போட்டாள். இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தாள்.

"ஒரு கோட்டுக்கு ரெண்டு மூடி. இதை ஒண்ணே முக்காலாக்குங்க, அண்ணாச்சி."

அவர் ஒரு மூடியை எடுத்தார். வைத்துவிட்டார்.

"எப்படி முடியும்? ஒண்ணு வைக்கலாம், இல்லாட்டி ரெண்டு வைக்கலாம்."

"பிரிண்டரும் அதைத்தான் செஞ்சுது. அதுகிட்ட இருக்கது இந்த மூடி மாதிரி புள்ளிதான். ஒரு இடத்துல ஒண்ணு வெச்சுது, ஒரு இடத்துல ரெண்டு வெச்சுது."

"இதைவிட நயமான பிரிண்டர் வாங்கினா?"

"மூடி இன்னும் சின்னதா இருக்கும். முக்கால் மூடி அதுலயும் கிடையாது."

கோமதிநாயகம் மூடிகளை ஓரமாக ஒதுக்கினார்.

"அப்ப அந்தப் பிள்ளைக பேரு பாதியாவே கிடக்கட்டுமா?"

ஷமீலா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பார்கோடைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். மூலையைத் தொடவில்லை. மேல்விளிம்பைப் பிடித்துக் கீழே தள்ளினாள். கோடுகள் குட்டையாயின. தடிமன் அப்படியே இருந்தது. மேலே கிடைத்த இடத்தில் 'முத்துச்செல்வி குழந்தை' என்று முழுசாக அடித்தாள். அச்சடித்து, ஒரு வெற்றுக் குழாயில் நீளவாக்கில் ஒட்டி, ஸ்கேனரிடம் காட்டினாள்.

'பீப்' என்றது.

அவர் அதை வாங்கி, கண்ணாடி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாதிக்கு மேல வெட்டிட்டீங்களே டீச்சர். இதுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கிட்டுது?"

"ஸ்கேனர் படிக்கது தடிமனைத்தான். உயரத்தைக் கேட்டா குடுத்துரும் அண்ணாச்சி. புள்ளியைக் கேட்டாத்தான் குடுக்காது."