சொல் மாறாத கூத்து

மன்னர்கள் கூத்துப் பார்த்துக் கண் கலங்கிய ஒரு காலத்தில், வீரகேது என்றொரு மன்னன் இருந்தான். போர்க்களத்தில் கலங்காத அவன் கண், கொட்டகையில் மத்தளம் முழங்கினால் போதும், நிறைந்துவிடும். அவன் அவையில் விகடம் பேசிப் பிழைத்தவன் காளத்தி. மன்னன் அவனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் தலைமைப் புலவர் அம்பலத்தரையருக்கு வயிறு எரியும்.

அந்த ஆண்டு வசந்த விழாவில் முதல் நாள் புலவர் எழுதிய கூத்து நடந்தது. அதில் ஓர் இளவரசன், மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு, கனவில் கண்ட கன்னியைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். "பாவம், என்ன தனிமை" என்று மன்னன் தேம்பினான். புலவருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

மறுநாள் மயிலம்மையின் கூத்து. தூரத்துச் சீமையிலிருந்து பதினொரு பேரோடு வந்திருந்தவள் அவள். பாட்டும் அவளே, ஆட்டமும் அவளே. பகைவன் பறித்துக்கொண்ட நாட்டை மீட்க, ஓர் அரசி கணவனிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் படை திரட்டப் புறப்படுகிறாள். அந்தப் பிரிவுக் காட்சியிலேயே மன்னன் எழுந்துவிட்டான்.

"நிறுத்துங்கள். பெற்ற பிள்ளையை விட்டுப் போகிறவளும் ஒரு தாயா? நெஞ்சா அது, கல்லா?"

"இதைப் பார்த்தால் நம் பெண்கள் கெட்டுப்போவார்கள், பிரபு" என்று தூபம் போட்டார் புலவர்.

நாளை பொழுது சாய்வதற்குள் மயிலம்மையின் கூட்டம் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. காளத்திக்குப் பொறுக்கவில்லை.

"அரசே, நேற்றைய இளவரசனும் பிள்ளையை விட்டுத்தானே போனான்?"

"அது துயரம். இது திமிர்" என்றான் மன்னன். "உனக்கு அவள்மேல் அத்தனை இரக்கமா? அப்படியானால் நாளை இதே காட்சியை ஆடச் சொல். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. அந்த அரசிக்காக என் கண்ணில் நீர் வரவேண்டும். வராவிட்டால் அவர்களோடு நீயும் மூட்டை கட்டு."

"சொல் மட்டும் மாறக் கூடாது. அவ்வளவுதானே, அரசே?"

"அவ்வளவுதான்."

"அவள் கூத்தின் ஏட்டை நானே கையில் வைத்துச் சரிபார்க்கிறேன்" என்று முந்திக்கொண்டார் புலவர்.

காளத்தி நேரே கூத்தர்களின் கூடாரத்துக்குப் போனான். பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள் மயிலம்மை.

"எங்களுக்காக நீங்க ஏன் ஐயா ஊரை விட்டுப் போகணும்? நாங்க போயிடறோம்."

"அது இருக்கட்டும் அம்மா. அந்தப் பிரிவுப் பேச்சை ஒருமுறை சொல்லுங்கள்."

அவள் சொன்னாள். காளத்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "இன்னொரு முறை" என்றான். மூன்றாம் முறை அவள் முடிப்பதற்குள் துள்ளி எழுந்தான்.

"ஆட்டு மயிர் இருக்கிறதா? கொஞ்சம் பசையும் வேண்டும்."

மறுநாள் கொட்டகையில் எள் விழ இடமில்லை. மத்தளம் அதிர்ந்தது. திரை விலகியதும் முறுக்கு மீசையும் கிரீடமுமாக ஓர் அரசன் நின்றான். எதிரே முக்காடிட்ட மனைவி, அவள் மடியில் பிள்ளை. முதல் பாட்டு முடிந்ததும் மன்னன் முகம் சுளித்துப் புலவரைப் பார்த்தான். புலவர் ஏட்டில் விரலை ஓட்டியபடி, "சொல் சரியாகத்தான் இருக்கிறது" என்று முனகினார்.

"போகிறேன், என் உயிரே" என்றது மேடைக் குரல். "பகைவன் நம் அரியணையில் இருக்கும்வரை இந்தக் கை தொட்டிலை ஆட்டத் தகாது. பிள்ளை என் முகத்தை மறந்தாலும் மறக்கட்டும். மண்ணை மீட்காமல் திரும்ப மாட்டேன்."

காளத்தி மேடையைப் பார்க்கவில்லை, மன்னனையே பார்த்தான். 'பிள்ளை' என்ற சொல்லில் மன்னனின் மோவாய் நடுங்கியது. 'மறக்கட்டும்' என்றபோது கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. புலவரின் ஏட்டிலும் இரண்டு சொட்டு விழுந்தது.

"எப்பேர்ப்பட்ட தியாகி" என்று மூக்கைத் துடைத்தான் மன்னன். "ஆனால் காளத்தி, நேற்றைய அரசி எங்கே? அவளுக்காக அல்லவா நான் அழவேண்டும் என்றேன்?"

"அவள்தான் அரசே, நிற்கிறாள்."

மயிலம்மை மீசையைப் பிய்த்தாள். ஒரு நுனி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பல்லைக் கடித்து இழுத்தாள்.

"என்னை ஏமாற்றினாயா?" மன்னன் குரல் இறுகியது.

"ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை, புலவரே சாட்சி. கல் என்று சொன்னீர்களே, அந்த நெஞ்சும் மாறவில்லை. உதட்டுக்கு மேலே கொஞ்சம் ஆட்டு மயிர் வைத்தேன், அவ்வளவுதான்."

மன்னன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். ஈரம் காயவில்லை.

"மோசடி, பிரபு" என்று பாய்ந்தார் புலவர். "கதைக்குத்தான் கண்ணீர் வந்தது. மீசைக்கா வரும்?"

"அப்படியானால் நாளை உங்கள் கதையையும் ஆடிப் பார்ப்போம், புலவரே" என்றான் காளத்தி. "இளவரசனை இளவரசியாக்குவோம். கட்டிய கணவனையும் குழந்தையையும் விட்டுவிட்டு, கனவில் கண்ட வாலிபனைத் தேடி அவள் அலையட்டும்."

புலவர் வெலவெலத்துப் போனார். "ஐயையோ, வேண்டாம். முதல் காட்சியிலேயே செருப்பு பறக்கும். அவளை எவன் மன்னிப்பான்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மன்னன் அவரைப் பார்த்தான், தன் நனைந்த தாடியைத் தடவினான், பிறகு சிரித்தான். கிரீடம் நழுவி மடியில் விழும்வரை சிரித்தான். வெளியேற்றும் ஆணை ஓலையை வரவழைத்து அங்கேயே கிழித்தான். தன் கழுத்து முத்து மாலையைக் காளத்திக்குச் சூட்டினான். மயிலம்மைக்குப் பட்டுச் சால்வை வந்தது.

காளத்தி பெருமூச்சு விட்டு உட்காரப் போனான். மன்னனோ மேடைப் பக்கம் குனிந்து, சற்றுத் தயங்கிக் கேட்டான்:

"அம்மா, அந்த அரசி நாட்டை மீட்டாளா? பிள்ளை அவளை அடையாளம் கண்டுகொண்டதா?"

"மீதியை ஆடினால்தானே தெரியும், மகாராஜா."

"ஆடு" என்றான் மன்னன். "மீசை வேண்டாம்."

மத்தளம் முழங்கியது.