எனாமல் பச்சை

கொள்ளிடக் கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்தவர் மங்கையர்க்கரசி அம்மா. நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. அவருக்குச் சீடராக வந்து சேர்ந்த சடையப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. மனைவி குணவதி போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்.

குருபூசை நெருங்கியது. சடையப்பன் ஒரு நாள் மடத்துச் சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்தார். சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீரில் கை சுத்தமாகிவிட்டது. மறுநாள் வாசல் கதவுக்கு எனாமல் பெயிண்ட். அதுவும் பச்சைதான். ஆனால் கிணற்றடியில் உட்கார்ந்து எவ்வளவு கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தார். தோல்தான் சிவந்தது.

அம்மா ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார்.

"கையைக் கொடுங்கண்ணே."

"நீங்க போய் என் கையை..."

"கொடுங்க."

எண்ணெய் விட்டு விரல் விரலாக நீவினார். பச்சை இளகிக்கொண்டு வந்தது.

"ரெண்டும் பச்சைதானேம்மா. நேத்து அடிச்சது தண்ணியில கரைஞ்சுது. இது ஏன் கரையல?"

"அது தண்ணியில கலக்கினது. காயறதுக்குள்ள தண்ணி பட்டா அதோடயே போயிடும். இது எண்ணெயில குழைச்சது. தண்ணியைக் கிட்டச் சேர்க்காது. எண்ணெய் வந்தாத்தான் இளகும்."

சடையப்பன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"குணவதி போனப்போ ஊரே வந்து ஆறுதல் சொல்லிச்சும்மா. மச்சினன் கலியமூர்த்தி தினம் தூக்குல சோறு கொண்டாந்து வச்சுட்டுப் பேசிக்கிட்டே இருப்பான். ஒரு வார்த்தை உள்ள இறங்கல. எரிச்சல்தான் வந்துது. ஒரு நாள், இனிமே வராதேன்னு அவன் முகத்துக்கு நேரா கதவைச் சாத்திட்டேன்."

அம்மா நீவுவதை நிறுத்தவில்லை.

"இங்க வந்தப்போ நீங்க ஆறுதல்னு எதுவும் சொல்லல. பக்கத்துல உட்கார்ந்து, 'எங்க வீட்டுக்காரர் போய் எத்தனையோ வருஷமாச்சு. செருப்புச் சத்தம் கேட்டா இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்'னு சொன்னீங்க. அன்னிக்குத்தான் எனக்கு அழுகையே வந்துது. உயிர் இருக்கிற வரைக்கும் அதை மறக்க மாட்டேம்மா."

கட்டைவிரல் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கடைசிப் பச்சையையும் அம்மா எடுத்தார்.

"இனிமே இங்கயே இருந்துடறேன். ஊர்க்காரங்க பேசினதெல்லாம் எனக்கு எதுக்கு? ஒண்ணும் பலிக்கலியே."

"பச்சை போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அப்ப எழுந்திரிங்க. சாப்பிடலாம்."

சடையப்பன் எழுந்தார். எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. வேட்டியில் பட்டுவிடாமல் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கையோட எப்படிம்மா சாப்பிடறது?"

அம்மா சோப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். வாளியை இறக்கி நீர் சேந்தினார். சொம்பில் மொண்டு நிதானமாக ஊற்றினார். பிசுக்கு நுரையாகி ஓடியது. சிவந்திருந்த தோலில் கிணற்று நீர் குளுகுளுவென்று இறங்கியது.

சடையப்பன் ஓடுகிற நீரைப் பார்த்தபடியே இருந்தார்.

"கலியமூர்த்தி எப்படி இருக்கானோ" என்றார் கடைசியில்.

அம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமையானா வந்து உங்களை விசாரிச்சுட்டுப் போறாரு. இன்னிக்கும் தூக்கோட வந்திருக்காரு, அரசமரத்தடியில உட்கார்ந்திருக்காரு. நீங்க கூப்பிடற வரைக்கும் உள்ள வர மாட்டாராம்."