ஏழாவது ஜாடி

கதையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நடுவில் ‘பெரியவங்க சொன்னா காரணம் இருக்கும்’ என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

திருச்சியில் கோமளவல்லி வீட்டு எலுமிச்சை ஊறுகாய்க்குத் தெருவே கை நீட்டும். இந்த வருஷம் ஒரே அடைமழை. வெயிலையே காணாத துண்டுகளை ஃபேனுக்கு அடியில் பரப்பி, காய்ந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தலைக்குக் குளித்து, தன் கையாலேயே ஏழு ஜாடிகளில் நிரப்பித் துணி கட்டிப் பரணில் ஏற்றினாள்.

அதில் ஒன்றை மாதவிலக்கு நாளில் புது மருமகள் தேன்மொழி தொட்டுவிட்டாள். திறந்தால் பூஞ்சை.

“பாத்தியா? இனி மாசம் மூணு நாள் உனக்குப் பின்கட்டு ரூம்தான்.”

“மேல கட்டின துணியத்தானே தொட்டேன், அத்தை?”

அந்த அறையில் ஃபேன் கிடையாது, கரப்பான் உண்டு. தேன்மொழி கணவனைப் பார்த்தாள். ரகுநந்தன் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன்.

“ஒண்ண வச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா,” என்றான். அவளுக்கு முகம் மலர்ந்தது. அவசரப்பட்டுவிட்டாள். அடுத்த மாதம் மாதவிலக்கு நாளில் இன்னும் ஐந்து ஜாடிகளை அவளையே தொடவைத்தான். ஐந்திலும் பூஞ்சை. “நிரூபணமே ஆயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும், தேனு?” என்று கையை விரித்தான்.

பிறந்த வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் சுபத்ரா பரணின் மூலையிலிருந்து, யாருமே தொடாத ஏழாவது ஜாடியை இறக்கினாள். அம்மாவையே அவிழ்க்கச் சொன்னாள். பச்சைப் பசேலென்று பூஞ்சை.

“இதை யாரும்மா தொட்டா?”

“அவ மூச்சுக்காத்து பட்டிருக்கும்!”

தேன்மொழியின் பாய் பின்கட்டு அறை வாசலில் சுருட்டியபடி கிடந்தது.

சொல்லுங்கள். தாய், மகன், மகள் மூவரும் சோதித்தார்கள். எவருடைய சோதனை சரி? அந்தப் பாய் எங்கே போக வேண்டும்?

விடை: சுபத்ராவுடையது. தொட்ட ஜாடிகளை ஐந்தல்ல, ஐம்பது திறங்கள். தொடாத ஜாடி என்ன ஆனது என்று பார்க்காதவரை, தொட்டதுதான் காரணம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ரகுநந்தன் தன் அம்மாவின் தப்பையே ஐந்து தடவை செய்தான். பட்டம் வாங்கியவன் செய்ததால் அதற்கு நிரூபணம் என்று பெயர். குற்றவாளி காயாத எலுமிச்சை. மூச்சுக்காற்றா? தேன்மொழி தாய்வீடு போயிருக்கும்போது, இதே மழையில், இதே மாதிரி ஒரு ஜாடி போட்டுப் பார்க்கட்டுமே! பாயா? தேன்மொழி அதை எடுத்துவந்து ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே விரித்தாள். பின்கட்டு அறையில் இப்போது ஏழு ஜாடிகள் இருக்கின்றன.