காணாமல்போன கற்பூரம்

மலைநாட்டு அரண்மனை ஒன்றில் பூசைச் சாமான் அறையைப் பெருக்குகிறவள் செம்பாயி. கோடை முழுக்கத் திறந்த தட்டில் கிடந்த கற்பூரக் கட்டி பாதியாகியிருந்ததைக் கண்ட அதிகாரி வேங்கடபதி, அவளை அரசி முன் நிறுத்தினார்.

“திருடிய கற்பூரத்தை இப்போதே கொண்டுவா! இல்லையென்றால் சிறைதான்.”

“அது அந்த அறையிலேயேதானுங்க இருக்கு. ஐயா வரும்போதெல்லாம் மூச்சில இழுத்துக்கிட்டுப் போறீங்க” என்றாள் செம்பாயி.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அவள் அரசியைக் கும்பிட்டாள்.

“தராசில ஒரு பக்கம் கற்பூரம், மறுபக்கம் அதே எடைக்குக் கல் வெச்சு, கதவுக்கு உங்க முத்திரையைப் போடுங்க தாயே.”

பதினைந்து நாள் கழித்துக் கதவைத் திறந்தார்கள். வாசம் மெல்ல வந்து எல்லாரையும் தழுவியது. கல் தட்டு தாழ்ந்திருக்க, கற்பூரத் தட்டு உயரே மிதந்தது.

“கல்லோட துகளெல்லாம் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிருக்கு தாயே. கற்பூரத்துக்கு அந்தப் பிடி லேசு. ஒவ்வொரு துகளா கைவிட்டுட்டு, உருகாமலேயே காத்தோட போயிடும்.”

அரசி கண்ணை மூடி ஆழ மூச்சிழுத்தாள். பிறகு திரும்பினாள்.

“வேங்கடபதி, உம் சால்வைதான் கமகமக்கிறது. திருட்டுப் பொருள் உம்மிடமல்லவா இருக்கிறது?”

அறைச் சாவி அன்றைக்கே செம்பாயி கைக்கு வந்தது.