உறை போடாத அணில்

பாளையங்கோட்டையில் பிலோமினா டீச்சர் வீட்டுப் பின்கட்டில் ஓர் ஊசி குடியிருந்தது. டீச்சர் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். காலையில் காப்பித் தம்ளரோடு ஜன்னலோரம் உட்கார்ந்தால் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு சேர்ந்து வந்து சருகைக் கிளறிச் சண்டை போடும். கீரி ஒன்று யாரோ கூப்பிட்டது போலக் குறுக்கே ஓடும். ஓணான் மதில்மேல் தலையாட்டும்.

பார்த்ததையெல்லாம் டீச்சர் துணியில் கொண்டுவருவார். துண்டுத் துணிகளைக் கத்தரித்து, தடித்த துணிமேல் வைத்துத் தைத்து, தபால் அட்டை செய்வார். முன்பக்கம் ஒரு பிராணி. பின்பக்கம் முகவரி எழுத வெள்ளைத் துணி. ஆனால் ஒன்றிலும் இதுவரை முகவரி எழுதியதில்லை. பதினோரு அட்டைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்தன.

அதில் ஊசிக்குப் பெருமை தாங்காது. "என் தையல் ஒன்றுகூட இன்னும் அழுக்கு கண்டதில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

பன்னிரண்டாவது அட்டை ஓர் அணில். சாம்பல் நிறப் பருத்தித் துணி, முதுகில் மூன்று கோடு, வால் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே புசுபுசுவென்று அமைந்துவிட்டது. அது பிறந்த அன்றே கேள்வி கேட்டது.

"என் முதுகுப் பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, அது எதற்கு?"

"ஊர் பேர் எழுத" என்றது கத்தரிக்கோல்.

"வாயை மூடு" என்றது ஊசி. "வெளியே மழை, தூசி, எண்ணெய்க் கை. நீ பீரோவுக்குப் போகிறாய். அங்கே உன்னை யாரும் தொட மாட்டார்கள்."

"யாரும் பார்க்கவும் மாட்டார்களா?"

ஊசி துணிக்குள் இறங்கி அடுத்த தையலுக்குப் போய்விட்டது.

அப்போது போன் அடித்தது. செண்பகவடிவு. டீச்சரோடு முப்பது வருஷம் ஒரே பள்ளியில் தமிழ் நடத்தியவள். போன வருஷம் பெங்களூரில் மகள் வீட்டுக்கே போய்விட்டாள். ஒன்பதாவது மாடி.

"அணிலெல்லாம் வருதாட்டி?" என்று கேட்டாள்.

"வருது. கொய்யாவை ஒண்ணு விடாம கடிச்சுப் போட்டுருக்கு. அங்க?"

"இங்க வரணும்னா அணிலுக்கு லிஃப்ட்டுல ஏறத் தெரியணும்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பாஷையும் தெரியல. மக வேலைக்குப் போயிட்டா சுவரத்தான் பாக்கணும். சரிட்டி, வைக்கேன்."

முன்பெல்லாம் அரை மணி நேரம் பேசுவாள். இப்போது இரண்டு நிமிஷம். டீச்சர் போனை வைத்தார். அணிலைப் பார்த்தார். "இன்னும் நல்லா ஒண்ணு செஞ்சு அனுப்பலாம்" என்று முணுமுணுத்துவிட்டு அதைப் பீரோ ஓரத்தில் வைத்தார்.

அந்த வாரம் ஜன்னலுக்கு வெளியே அத்திக் கன்றில் ஒரு தையல்சிட்டு வேலை தொடங்கியது. இரண்டு இலைகளை ஒட்டவைத்து, அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் கோத்து இழுத்தது. நடுவில் ஜன்னல் வழியாக வந்து ஒரு சிவப்பு நூலையும் கவ்விக்கொண்டு போனது.

"ஏய், அது என் நூல்!" என்று கத்தியது ஊசி. "தையலும் ஒழுங்கா தெரியவில்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை!"

"மூன்று பிள்ளைகளைத் தாங்கினால் போதும்" என்றது சிட்டு. அதற்கு நின்று பேச நேரமில்லை.

கூடு தாங்கியது. முட்டை பொரிந்தது. மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்தபடி வளர்ந்தன. டீச்சர் காப்பியை ஆறவிட்டு அவற்றையே பார்த்தார். ஒரு காலையில் கூடு காலி. பக்கத்து முருங்கையில் மூன்று குட்டி வால்கள் நிமிர்ந்து நின்றன.

"இவ்வளவு தைத்தாயே, எல்லாம் வீணா?" என்றது ஊசி. அதன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"வீணா? கூடு காலியாகாமல் இருந்தால்தான் எனக்குப் பயம்" என்றது சிட்டு. சொல்லிவிட்டுக் குஞ்சுகளுக்குப் பின்னால் பறந்துவிட்டது.

டீச்சருக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. காலிக் கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று பீரோவைத் திறந்து அணிலை எடுத்து, ஓரத்தில் விட்டிருந்த கடைசித் தையலைப் போட்டார். பேனாவால் வடிவின் முகவரியை எழுதினார். அந்த அவசரத்தில் ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டே தபால் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

கவுண்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கவர்ல போட்டுக் குடுங்க டீச்சர். அழுக்காயிரும்லா?"

'இவராவது சொல்லட்டும்' என்று நினைத்தது ஊசி.

"கவர் வேண்டாம் சார். போற வழியில நாலு பேரு பாக்கட்டும்."

தபால் முத்திரை அணிலின் முதுகில் விழுந்த சத்தத்தில் ஊசி கண்ணை மூடிக்கொண்டது.

ஒரு வாரம் தகவல் இல்லை. வடிவும் கூப்பிடவில்லை. "நான் அப்போதே சொன்னேன்" என்று ஊசி தொடங்கும். சொல்லி முடிக்க அதற்கே மனசு வராது. ஒன்பதாம் நாள் போன் அடித்தது.

"ஏட்டி! அணில் வந்துட்டு!" வடிவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "வாலெல்லாம் டீக் கறை. வாட்ச்மேன் ஒரு நாள் பூரா தன் மேசைல நிறுத்தி வச்சிருந்தானாம். வாரவுக போறவுகல்லாம் தடவிப் பாத்திருக்காவ. லிஃப்ட்டுல கையில வச்சிட்டு நிக்கேன், ஏழாவது மாடிக்காரி ஒருத்தி, இம்புட்டு நாளா மூஞ்சியக்கூடப் பாக்காதவ, கன்னடத்துல 'அளிலு!'ங்கா. நான் 'அணில்!'ங்கேன். அவ மறுபடியும் 'அளிலு'ங்கா. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல என் மாடி தாண்டிப் போயிட்டோம்ட்டி!"

அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினார்கள். கறை பட்ட வாலை நினைத்து ஊசிக்கு ஏனோ கோபமே வரவில்லை.

மறுநாள் டீச்சர் பதினோரு அட்டைகளையும் எடுத்துப் போட்டு முகவரி எழுத உட்கார்ந்தார். கீரி ஒரு ஊருக்குப் போனது. ஓணான் ஒரு ஊருக்குப் போனது.

ஒரு மாதம் கழித்துத் தபால்காரர் ஒரு துணி அட்டையைக் கொண்டுவந்தார். உறை இல்லை. முகவரி வடிவின் கையெழுத்தில் இருந்தது. மூலையில் யாருடைய விரல் மஞ்சளோ ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு புறா, ஏதோ பழைய சட்டைத் துணியில். கழுத்து கோணல், ஒரு கால் மட்டும் நீளம்.

"பெங்களூர்ல புறாதான் போல" என்று சிரித்த டீச்சர், அட்டையைக் கொண்டுவந்து ஊசியின் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

"தையலைப் பார்த்தாயா, எவ்வளவு மோசம்!" என்றது கத்தரிக்கோல்.

ஊசி நெடுநேரம் உற்றுப் பார்த்தது. தலைப்பக்கம் தையல் குட்டை குட்டையாக, பயந்து பயந்து போயிருந்தது. இறக்கையில் நீள நீளமாக, வேறொரு வேகத்தில் போயிருந்தது.

"சும்மா இரு" என்றது ஊசி. "இது ஒருத்தி தைத்ததில்லை. இரண்டு பேர் தைத்திருக்கிறார்கள்."