யாக் தொண்டைக்குள்ளேயே முனகுவது ஏன்?

அந்தக் காலத்தில், விலங்குகள் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, பனிமலை மாடான யாக்குக்கு இப்படி அடைத்த தொண்டை கிடையாது. வாயைத் திறந்தால் இடி தோற்றுப்போகும்.

திபெத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு கணவாயைக் கடப்பவர்கள், கல் குவித்துக் கொடி கட்டிய உச்சிக்கு வந்ததும் ‘தெய்வங்களுக்கே வெற்றி’ என்று முழங்க வேண்டும். மனிதக் குரலைக் காற்று தின்றுவிடும் என்று அந்த வேலையை யாக்கிடம் விட்டிருந்தார்கள். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் அது கத்த வேண்டும். சரிவில் தொங்கும் பனி சத்தம் பொறுக்காது.

ஒருநாள் யுத்ரோன் என்ற உப்புக்காரி, நக்மோ என்ற தன் யாக்கோடு உச்சிக்கு வந்துவிட்டாள். புருஷன் ரப்தென், கால் பிசகிய நக்மோவின் கன்றைத் தோளில் சுமந்து பின்னால் வந்துகொண்டிருந்தான். எங்கும் மூடுபனி.

“அவர் இன்னும் வரவில்லை. வாயைத் திறந்துவிடாதே,” என்றாள் யுத்ரோன்.

நக்மோவுக்கோ பயம். அந்தக் கணவாய்த் தெய்வம் லேசுப்பட்டதல்ல. வணங்காமல் நிற்பவரைப் புரட்டித் தள்ளிவிடும் என்று பேச்சு. காற்று வேறு ஊளையிட்டது. அப்போது கன்றின் கழுத்துமணி பக்கத்தில் கேட்டது. மூடுபனியில் பக்கமாவது, தூரமாவது! வந்துவிட்டார்கள் என்று நினைத்து, பயம் பிடித்து உலுக்க, நக்மோ கத்திவிட்டது.

சரிவே பெயர்ந்து இறங்கியது. அப்புறம் மணிச்சத்தம் இல்லை.

யுத்ரோன் அழுகையை வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டு நக்மோவோடு இறங்கினாள். இடுப்பளவு பனியில் நின்று வெறுங்கையால் தோண்டினாள். ரப்தென் கன்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே விறைத்துப்போயிருந்தான். கன்றுக்கு உயிர் இருந்தது. அவன் பிடியிலிருந்து நழுவிய அது, திசை தெரியாமல் பள்ளத்தை நோக்கி நொண்டியது.

மேலே பாதிப் பனி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் அதுவும் விழும். கூப்பிடாவிட்டால் கன்று போய்விடும்.  எழுந்து வந்த குரலை நக்மோ தொண்டையிலேயே நெரித்து, ஒரு முனகலாக மட்டும் வெளியே விட்டது. கன்று நின்றது. திரும்பியது. அந்த முனகலைத் தொடர்ந்து தாயிடம் வந்து சேர்ந்தது.

யுத்ரோன் நக்மோவை அடிக்கவில்லை, ஏசவில்லை.

“உன் கன்று உனக்குக் கிடைத்துவிட்டது. இனிமேல் உன் குரல் என் காதில் விழக் கூடாது,” என்றாள்.

அன்று முதல்தான் கணவாயில் மனிதர்களே முழங்குகிறார்கள், அதுவும் கடைசி ஆள் ஏறிவிட்டானா என்று திரும்பிப் பார்த்த பிறகு. யாக்கோ, கன்றைக் காணாமல் தவிக்கும்போதுகூட வாய்விட்டுக் கத்துவதில்லை.