கோலம் போட்ட மாடு

வெயிலுமுத்துவுக்கு வயது ஐம்பத்தைந்து. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அதனால் குரு சீடரை “அண்ணாச்சி” என்பார், சீடர் குருவை “சாமி” என்பார். மலையடிவாரக் குடிசையில் இந்த மரியாதைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

நிலத்தையும் ஏரையும் மனைவி பேச்சித்தாயிடம் ஒப்படைத்து, “இனி எனக்கும் மண்ணுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை” என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தவர் வெயிலுமுத்து. ஆனால் கண்ணை மூடினால் போதும், அந்த மண்தான் முன்னால் வந்து நின்றது.

ஒரு காலையில் மனம் நொந்து கேட்டுவிட்டார்.

“சாமி, மழை வருமா, விதை முளைக்குமா, வரப்பு தாங்குமான்னு மனசு அதையே சுத்திச் சுத்தி வருது. இது எப்ப நேரா போகும்? போகாதுன்னா நான் வீட்டை விட்டு வந்ததே வீண்தானே?”

குரு வாயைத் திறப்பதற்குள் வானம் இடித்தது. வருஷம் முழுக்க ஏமாற்றிய மழை மொத்தமாக வந்து கொட்டியது. கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

ஈரம் பதத்துக்கு வந்த நாளில் ஊரே ஏரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கரிசல் மண்ணில் பதம் தப்பினால் அந்த வருஷமே தப்பியது போலத்தான். குடிசை வாசலில் பேச்சித்தாய் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“சாமி, இவரை ஒரு நாளைக்கு விடுங்க. ஊரே விதைக்குது. இவரு வாங்கிக் குடுத்த ராசி மாடு என் புஞ்சைக் காட்டுல கோலம் போட்டுக்கிட்டு நிக்குது!”

“கோலமா?” குரு எழுந்தே விட்டார்.

“நேரா ஒரு உழவுச் சால் போகலை சாமி. வட்டம், வட்டம், ஒரே வட்டம். டிராக்டரு இன்னைக்கு நமக்குக் கிடைக்காது. நாளைக்கு மண்ணு இறுகிரும்.”

வெயிலுமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. “சுழி சுத்தமான மாடுல்லா அது! நெத்திச்சுழி, முதுகுச்சுழி எல்லாம் பார்த்துத்தானே பிடிச்சேன்?”

துறவறம் அந்த இடத்தில் சற்று ஆடிப்போனது. குரு அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

பேச்சித்தாய் சொன்னதில் மிகை ஒன்றுமில்லை. ஏரில் கட்டியிருந்த இரண்டில் பழைய மாடு பரிதாபமாக விழித்தது. புது மாடு அதையும் இழுத்துக்கொண்டு இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நடந்தது. அதன் முகத்தில் கடமை தவறாத களை. வரப்பில் நின்ற பக்கத்துக் காட்டு ராக்கப்பன் அதை உற்றுப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏ வெயிலு! இது எண்ணெய்ச் செக்குல சுத்துன மாடுல்ல! சந்தையில என்னத்தைக் கேட்டு வாங்கினே?”

பல்லைப் பிடித்துப் பார்த்திருந்தார், வாலை முறுக்கிப் பார்த்திருந்தார், சுழி பார்க்க ஆளையே கூட்டிப் போயிருந்தார். அதுவரை என்ன வேலை செய்தது என்று மட்டும் கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, வெயிலுமுத்து ஏரின் கைப்பிடியான மேழியைப் பிடித்து மாட்டை நேராக்கப் பார்த்தார். மாடு திரும்பியது. அவர் சேற்றில் விழுந்தார். வரப்பு முழுக்கச் சிரிப்பு.

“இந்த வருஷம் போச்சு சாமி,” என்றாள் பேச்சித்தாய்.

“செக்குல நடுவுல என்னம்மா இருக்கும்?” என்று கேட்டார் குரு.

“உரல்.”

“இங்க?”

“இங்க என்ன இருக்கு, வெறும் மண்ணு.”

“அப்ப ஏரைக் கொண்டுபோய் நட்ட நடுவுல நிறுத்துங்க. அண்ணாச்சி, மாடு அது இஷ்டத்துக்குச் சுத்தட்டும். நீங்க ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சால் மட்டும் வெளியே தள்ளிப் பிடிங்க.”

மாடு சுற்றியது. வெயிலுமுத்து ஒரு சால் தள்ளிப் பிடித்தார். மறுபடியும் சுற்றியது, மறுபடியும் தள்ளினார். வட்டம் அகலமானது. பேச்சித்தாய் பின்னாலேயே விதையைத் தூவிக்கொண்டு ஓடினாள். சிரித்தவர்கள் வரப்பிலிருந்து இறங்கி வந்தார்கள். “விடாதே வெயிலு, இன்னும் தள்ளு!” என்று ராக்கப்பனே கூச்சல் போட்டார். திருவிழாத் தேர் திரும்புவது போல ஒரு ஆரவாரம். குருவோ குழந்தையாகக் கை தட்டிக் குதித்தார். பொழுது சாய்வதற்குள் காடு முழுக்க உழுது விதைத்தாயிற்று. மீந்த நாலு மூலைகளையும் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்துக் கொத்தி முடித்தார்கள்.

சேறு பூசிய முகத்தில் பல் மட்டும் தெரிய வெயிலுமுத்து வந்து நின்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. பிறகுதான் நினைவு வந்தது.

“சாமி, என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலையே. என் மனசு இப்படிச் சுத்துதே?”

“சுத்தட்டும் அண்ணாச்சி. மாடும் சுத்திக்கிட்டேதானே காட்டை உழுதுச்சு. மேழியை யார் கையில குடுத்துட்டு வந்து எங்கிட்ட உட்கார்ந்தீங்க?”